இல்லாத உளுந்து

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. ஆபீசில் என் எதிர் மேசையில் இருக்கும் பர்மியப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் 'அமா' என்று கூப்பிடுவேன்; பர்மியில் அக்கா. 19 வருடமாக ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதுகிறோம். போன நவம்பரில் ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை, விசிறியும் நின்றிருந்தது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "புது சாம்பிள் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

இல்லையே என்றேன்.

"அப்ப கையில என்னத்த உருட்டிக்கிட்டே இருக்கே?"

குனிந்து பார்த்தேன். வலது கை அதுபாட்டுக்கு மடியில் கிடந்தது. கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலின் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. உளுந்தை உருட்டிப் பார்க்கிற அதே உருட்டல். விரல்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. கையைத் தூக்கினேன், நின்றுவிட்டது. திரும்ப மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தது.

நான் வேலை பார்ப்பது ரங்கூனில், இப்போது ஷ்வேபோந்தா என்றும் பழைய ஆட்கள் இன்னும் மொகல் தெரு என்றும் சொல்கிற தெருவில், பருப்பு ஏற்றுமதி செய்கிற ஒரு சின்ன ஆபீசில். சென்னையில் நீங்கள் சாப்பிட்ட இட்லியில் எங்கள் நாட்டு உளுந்து இருந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. இங்கே அதற்கு மாப்பே என்று பெயர். கணக்கு எழுதுவது சம்பளத்துக்கான வேலை. சாம்பிள் பார்ப்பது தானாக வந்து ஒட்டிக்கொண்ட வேலை. மூட்டையில் கம்பியைக் குத்தி எடுத்த ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பி, உடைசல், வண்டு குத்தியது, நிறம் மாறியது, கல் என்று விரலால் ஒதுக்குவேன். ஒன்றை எடுத்து உருட்டுவேன், கடித்துப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் 'டக்'கென்று உடையும். இது எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), இது எஸ்.க்யூ. (அதைவிட உயர்ந்த ரகம்) என்று சொல்லிவிடுவேன். முதலாளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் என்னிடம்தான் தட்டை நீட்டுவார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆகவே விரல் உருட்டியதை ஒரு பழக்கதோஷம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. தையல்காரர் கால் சும்மா இருக்கும்போதும் மிதிப்பதில்லையா, அப்படி.

ஆனால் மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லாரும் போனபிறகு கணக்கு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் கரண்ட் போகிற ஊரில் நோட்டுதான் உண்மையான கணக்கு. வருடத் தொடக்கத்துப் பக்கங்களில் என் எழுத்து கோட்டுக்குக் கோடு நிரம்பி நின்றது. ஜூன், ஜூலையில் கோட்டுக்கு மேலே காற்றோட்டம் வந்துவிட்டது. அக்டோபரில் ஒவ்வொரு வரியும் நல்லபடியாகத் தொடங்கி, போகப் போகச் சிறுத்து, தொகை எழுதும் இடத்துக்கு வரும்போது எறும்பாகிவிட்டிருந்தது. வரியின் தொடக்கத்தில் உளுந்து, முடிவில் கடுகு. நான் அதை ஒரு நாளும் கவனிக்கவில்லை. சொந்தக் கையெழுத்தை யார் பார்க்கிறார்கள், எண்ணைத்தான் பார்க்கிறோம்.

இதற்கு முன்பே வலது தோள்பட்டை இறுகிப்போய், எலும்பு டாக்டர் ஒருவரிடம் நாலு மாதம் ஒத்தடமும் பயிற்சியுமாக ஓடியிருந்தது. சர்க்கரை இருக்கா என்று பார்த்தார், இல்லை. வயசாச்சும்மா என்றார். 57. அதுவும் பொய் இல்லை. காளியம்மன் கோயிலில் விபூதி எடுத்தால் நெற்றிக்கு வருவதற்குள் பாதி சேலையில். அதையும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெரியவில்லை.

ஜனவரியில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். பெண். இங்கே டாக்டரை 'சயாமா' என்போம், டீச்சரைக் கூப்பிடுவதும் அதே சொல்தான். மாலை நேரத்துக் கிளினிக். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது. இரத்தம் எடுப்பார், பெரிய மெஷினுக்குள் தள்ளுவார் என்று தயாராகப் போன எனக்கு அவர் வைத்த சோதனைகள் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தன. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டு. கையை விரி, மூடு. காலால் தரையைத் தட்டு. காகிதத்தில் நத்தைக்கூடு மாதிரி சுழி வரை. ஒரு வாக்கியம் எழுது. வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வா. விரல் தட்டும்போது இடது கை தாளம் தப்பாமல் போனது. வலது கை நாலைந்து தட்டுக்குப் பிறகு களைத்தவள் மாதிரி சுருங்கியது. என் கண் முன்னால் நடந்தது அது. நான் கட்டளை கொடுக்கிறேன், விரல் 'சரி சரி' என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருக்கிறது. பிறகு அவர் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டினார். விட்டு விட்டு, பல்சக்கரம் நகர்கிற மாதிரி நகர்ந்தது.

அதற்கப்புறம் கேள்விகள். வாசனை தெரிகிறதா? தூக்கத்தில் கத்துவது, கைகால் வீசுவது உண்டா? மலச்சிக்கல்?

மூன்றுக்கும் நான் சொன்ன பதிலால் அவருக்கு எந்தப் பிரயோஜனமும் இருந்திருக்காது. ஐம்பது தாண்டிய ஒரு தமிழ்ப் பெண்ணிடம் மலச்சிக்கல் உண்டா என்று கேட்பது, ரங்கூனில் ஜூலை மாதம் மழை உண்டா என்று கேட்பதுபோல. தூக்கத்தைப் பற்றி வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "30 வருஷமா உதைக்கிறா டாக்டர், இப்ப புதுசா என்ன சொல்ல" என்றார். மூக்கு விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். புளிக்கவைத்த மீன் விழுதான ஙாப்பியின் வாசனை எனக்கு வருவதில்லை. பர்மாவில் இருந்துகொண்டு ஙாப்பி வாசனை வரவில்லை என்றால் அது சாதாரணச் செய்தி இல்லை. பக்கத்து வீட்டில் வதக்கினால் தெருமுனைவரை வரும். டாக்டர் சந்தேகப்பட்டது பார்கின்சன், கைகால் நடுங்கி, இறுகி, மந்தமாகிற மூளை நோய். அது வருவதற்கு வருடக்கணக்கில் முன்பே மோப்பம் மங்கிப்போவது உண்டாம். ஆனால் 2021 ஜூலையில், ரங்கூனே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அந்த மாதத்தில், எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் கொரோனா வந்தது. போன மோப்பம் அவர்களுக்கெல்லாம் திரும்பியது. எனக்குத் திரும்பியதா, பாதி திரும்பிப் பிறகு போனதா? நினைவில்லை. என் மூக்கு சாட்சிக் கூண்டில் ஏற லாயக்கில்லாமல் போய்விட்டது.

கடைசியாக, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தேன். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சத்து மாத்திரை ஒன்று, தலைசுற்றலுக்குச் சின்னரிசின். அதைக் கையில் எடுத்து, எவ்வளவு நாளாக என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேலாக என்றேன். ஒரு தடவை மயக்கமாக வந்தபோது யாரோ எழுதிக் கொடுத்தது. நல்லாக இருக்கிறதே என்று நானே மருந்துக் கடையில் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டால் கொடுக்கிறார்கள், நாமும் கேட்கிறோம்.

சின்னரிசின் தலைசுற்றலை நிறுத்துவதோடு மூளையில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடத்தையும் கொஞ்சம் அடைத்துவிடுமாம். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாம் இந்த வகைதான். நாள்பட, அதுவும் வயது கூடக்கூட, பார்கின்சன் மாதிரியே நடுக்கமும் இறுக்கமும் மந்தமும் வரலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். சிலருக்கு வாரங்களில், சிலருக்குப் பல மாதம் கழித்து. (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள். எனக்கு எழுதிக் கொடுத்தவரே நான்தான் என்பது வேறு கதை.)

"அப்ப இது மருந்தால வந்ததுதானா, சயாமா?"

"இருக்கலாம். ஆனா அது ரெண்டு கைக்கும் சேர்ந்து வர்றதுதான் வழக்கம். உங்களுக்கு வலது பக்கம் மட்டும் இருக்கு. அதுதான் யோசனையா இருக்கு. உள்ளே ஏற்கனவே ஆரம்பிச்சிருந்ததை மருந்து முன்கூட்டி வெளியில காட்டிக் கொடுத்திருக்கவும் கூடும்."

"அப்ப என்னன்னு எழுதப் போறீங்க?"

"இப்போ பேர் வைக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்துங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நூறு மூட்டையின் தலையெழுத்தை ஒரு பிடியை வைத்துச் சொல்கிறவள் நான். எதிரே உட்கார்ந்திருப்பவர் படித்தவர், முழு மூட்டையே அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது, குத்திப் பார்த்தும் ஆகிவிட்டது, ரகம் சொல்ல மாட்டேன் என்கிறார்! டாக்சியில் வரும்போது வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "சர்ச்சை வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். சர்ச்சை வந்தால் மறு சாம்பிள் எடுப்போம். அவருக்குப் பருப்பு வியாபாரம் தெரியாது. கட்டிக்கொண்டவள் புலம்பிப் புலம்பியே தெரிந்துகொண்டது.

சரி, ஆறு மாதம். சொல்ல எவ்வளவு சின்னச் சொல்!

முதல் மாதம் நான் வேறு எதுவும் செய்யவில்லை, கையைப் பார்த்தேன். காலையில் கண் விழித்ததும் போர்வைக்குள்ளேயே விரல் தட்டல். பல் தேய்க்கும்போது ஒரு தடவை. மனசு வேறு பக்கம் திரும்பினால் நடுக்கம் நன்றாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போனில் கையைப் படம் பிடிப்பேன். 93, 86, 79. கணக்குப்பிள்ளைக்கு இதெல்லாம் மனசைத் திருப்புகிற வேலையா? தெருவில் போகிறவர்களையும் விடவில்லை. அனோரதா சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாருக்குக் கை வீசுகிறது, யாருக்கு வீசவில்லை என்று எண்ணுவேன். ஒரு பக்கம் மட்டும் வீசாத ஒருவரைப் பார்த்து மனம் துணுக்கென்றது. நெருங்கி வந்தபிறகுதான் அந்தக் கையில் குடை மடக்கி வைத்திருப்பது தெரிந்தது.

இந்த நோயை முதலில் எழுதி வைத்த ஜேம்ஸ் பார்கின்சனும் இப்படித்தான் தெருவில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறார். லண்டன் டாக்டர். 1817-இல் நடுக்குவாதத்தைப் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகத்தில் ஆறு பேரைப் பற்றித்தான் இருக்கிறது. அதில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே இல்லை, தெருவில் கண்ணில் பட்டவர்கள். 200 வருடம் கழித்து மொகல் தெருக்காரி ஒருத்தியை வாசல்வரை நடக்கவிட்டுப் பார்த்ததும் அதே பார்வைதான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி, அடைப்பு எதுவும் இல்லை என்று தெரியும். பார்கின்சன் இருக்கிறதா என்று அது சொல்லாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு டாக்டர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. அவர் மறைக்கவில்லை. காலம்தான் அவரிடம் இருக்கிற மெஷின்.

மகள்தான் என் போனைப் பிடுங்கி அந்த 43 வீடியோவையும் அழித்தாள். கேட்காமல் அழித்தாள், அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும். காலை ஏழு மணிக்கு, பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒரே வரி: 'மாப்பே எஃப்.ஏ.க்யூ. ஐந்நூறு மூட்டை தூத்துக்குடி'. வேண்டுமென்றே நீளமான வரி, வால் பகுதியில் எழுத்து சிறுக்கிறதா என்று தெரிவதற்கு. 'தூ'வின் உயரத்தை அடிக்கோலால் அளந்து ஓரத்தில் எழுதுவது மகள் வேலை. நான் அளந்தால் பிரியத்துக்கு அரை மில்லிமீட்டர் கூட்டிவிடுவேனாம். மற்ற ஆறு நாளும் கையைப் பற்றிப் பேச்சு கிடையாது. இந்த ஒப்பந்தத்தை நான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது மீறியிருப்பேன். குளியலறைக்குள் யார் பார்க்கிறார்கள்? ஆனாலும் மீறுகிறோம் என்று தெரிந்து மீறுவதற்கும் நாள் முழுக்க அதிலேயே கிடப்பதற்கும் வித்தியாசம் இருந்தது.

நடுவில் தண்ணீர்த் திருவிழா வந்தது. தின்ஜான். ஏப்ரல் 11 உலக பார்கின்சன் தினமாம், ஜேம்ஸ் பார்கின்சனின் பிறந்த நாள். எனக்கு அதுவரை அந்தத் தேதி என்றால் தின்ஜானுக்கு ஆபீஸ் மூடுகிற நேரம், நம் வருடப் பிறப்புக்கு மாவிலை வாங்குகிற நேரம், அவ்வளவுதான். எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டுப் பர்மியப் பாட்டிக்கு வருடா வருடம் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, நாவல் இலைக் கொத்தால் தோளில் தெளித்து ஆசி வாங்குவேன். கிண்ணத்தைப் பிடித்தபடி அவர் சொல்லும் ஆசி முடியும்வரை நிற்க வேண்டும். பாதியில் கை ஆட ஆரம்பித்தது. தண்ணீர் தளும்பிப் பாட்டி மடியில், என் சேலையில், தரையில். பாட்டி சிரித்தார், சுற்றி நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள், ஒரு பயல் குழாயைத் திருப்பி என்மேல் அடித்தான். தண்ணீர் சிந்துவதற்கென்றே உள்ள பண்டிகை. அந்த நாலு நாள் மட்டும் என் கை யார் கண்ணிலும் படவில்லை.

மற்ற நாட்களில் கை தெரியாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது ஆபீஸ் கணக்கைவிடச் சிக்கலான கணக்கு. வீட்டுக்காரர், மகள், அமா: முழுக்கத் தெரியும். மோல்மேனில் இருக்கும் என் அக்காவுக்குப் பாதி. முதலாளிக்கு, தோள்வலி. பினாங்கில் இருக்கும் மகனுக்கு ஒன்றும் தெரியாது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது என்று அறிவித்ததும் இங்கே எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கிடைத்த வழியில் வெளியே போனார்கள்; எங்கள் வீட்டிலும். நினைத்தால் வந்துபோக முடியாத இடத்தில் இருக்கிற பிள்ளையிடம், 'எனக்கு என்னவென்று தெரியாத ஒன்று இருக்கலாம்' என்று சொல்லி என்ன ஆகப் போகிறது? வீடியோவில் பேசும்போது போன் இடது கையில், வலது கை தொடைக்கு அடியில். ஒரு நாள், "என்னம்மா முகமே மாத்தாம பேசுறே, கோவமா?" என்று கேட்டுவிட்டான். முகத்தில் அசைவு குறைவதும் இதன் குறிகளில் ஒன்று என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நெட் சரியில்லப்பா, படம் உறைஞ்சு போகுது என்றேன். எங்கள் ஊர் நெட் அந்த ஒரு நாளாவது உபயோகப்பட்டது.

பர்மியில் 'ஆனாடே' என்று ஒரு சொல் உண்டு. நம்மால் அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடுமோ என்கிற கூச்சம் என்று சொல்லலாம், முழுசாக அது இல்லை. நான்கு தலைமுறையாக இங்கே இருந்து எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அதோடு நம்முடைய 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' வேறு. இரண்டும் சேர்ந்தால் வாயைத் திறக்கவே முடியாது.

அதிலும் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பியூ பக்கத்துக் குடும்பம், மாப்பிள்ளை சிங்கப்பூரில். மார்ச்சில் பேச்சு சூடு பிடித்தது. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா? அக்கா ஒரே போடாகப் போட்டாள்: "வாய மூடிட்டு இரு. பரம்பரை வியாதின்னு கிளப்பிவிட்ருவாங்க." பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை, சில குடும்பங்களில் மரபணு வழியாக வருவதும் உண்டு. எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, பாட்டன் யாருக்கும் இல்லை. இதையெல்லாம் விளக்கலாம்தான். ஆனால் எந்த நோய்க்கு விளக்கம் சொல்வது? பார்கின்சன் என்றால் அதற்கு ஒரு பதில். மாத்திரையால் வந்தது என்றால் அதற்கு ஒரு பதில். 'இன்னும் தெரியாது' என்பதை வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டில் எப்படி உட்காருவது? அப்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்கு இந்தப் பெயர் இவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தது எனக்காக இல்லை. கேட்கிறவர்களிடம் கொடுப்பதற்கு.

ஏனென்றால் எனக்கு அது என்ன செய்யும் என்று பார்த்தால், இப்போதைக்கு ஒன்றும் செய்யாது. இந்த நோயை நிறுத்துகிற மருந்து என்று இதுவரை நிரூபணமானது எதுவும் இல்லை. இருப்பது தொந்தரவைக் குறைக்கிற மருந்து. அதில் முக்கியமான லெவோடோபாவைச் சீக்கிரம் ஆரம்பித்தால் நோயின் ஓட்டம் மாறுமா என்று நெதர்லாந்தில் 445 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு உடனே, மறு பாதிக்கு 40 வாரம் தள்ளி. 80 வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. 2019-இல் வெளியான ஆய்வு. சயாமா இதை என்னிடம் சொன்னதும், "அப்ப நான் காத்திருக்கிற ஆறு மாசத்துல எதையும் இழக்கலையா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றார். மருந்தால் வந்ததோ தானாக வந்ததோ, இரண்டுக்கும் அவர் எழுதிக் கொடுத்தது ஒன்றே: நட. வேர்க்க வேர்க்க நட, கையை வேண்டுமென்றே வீசி நட, சத்தமாகப் பேசு. அதனால் காலையில் கண்டவ்ஜி ஏரிப் பக்கம் பட்டாளத்துக்காரி மாதிரி கையை வீசிக்கொண்டு போகிறேன். பார்க்கிறவர்கள் வழி விடுகிறார்கள்.

அக்கா மோல்மேனிலிருந்து ஒரு பொட்டலம் அனுப்பினாள், பூனைக்காலி விதைப் பொடி, பாலில் கலந்து குடிக்கச் சொல்லி. நாட்டு மருந்து என்று சிரிக்க முடியாது. பூனைக்காலியில் இருப்பதும் அதே லெவோடோபாதான். 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு இந்திய ஆராய்ச்சியாளர்கள் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள், பார்கின்சனுக்கு அது மருந்தாகும் என்று உலகத்துக்குத் தெரிவதற்குப் பல வருடம் முன்பே. ஆனால் ஒரு ஸ்பூனில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைவிட, இப்போது குடித்து நடுக்கம் குறைந்தால், சின்னரிசினை நிறுத்தியதால் குறைந்ததா பூனைக்காலியால் குறைந்ததா? சாம்பிளில் வேறு மூட்டை கலந்த மாதிரி ஆகிவிடும். பொட்டலம் அலமாரியில் இருக்கிறது. அக்காவிடம் குடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் இதைப் படிக்க மாட்டாள்.

அக்கா மகன் இன்னொரு யோசனை சொன்னான். சென்னைக்குப் போய், மூளையில் டோபமின் நரம்புகள் எப்படி இருக்கின்றன என்று காட்டும் டிரோடாட் ஸ்கேன் எடுத்துவிடலாம். மருந்தால் மட்டும் வந்ததாக இருந்தால் அதில் பொதுவாக எல்லாம் சரியாகத் தெரியும், பார்கின்சனாக இருந்தால் குறைவு தெரியும். சயாமாவும் மறுக்கவில்லை, எடுக்கணும்னா எடுங்க என்றார். பாஸ்போர்ட், டிக்கெட், டாலர், தங்குமிடம் என்று ஒரு தாளில் கூட்டினேன். பிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். பயமா, கஞ்சத்தனமா, நிதானமா? மூன்றும் இருந்தது. எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, நம்மவர்கள் கப்பல் கப்பலாக மெட்ராசுக்குக் கிளம்பிய வருடம் அப்பா வாங்கியது. அம்மா அதில் மூட்டை கட்டினாள். இந்த மாதம் போகிறோம், அடுத்த மாதம் போகிறோம் என்று இருந்து, ஏதேதோ காகிதம் வராமல், போகவே இல்லை. 'போகவில்லை' என்று யாரும் முடிவு எடுக்கவும் இல்லை. குளிர் வந்தபோது கம்பளியை மட்டும் வெளியே எடுத்தாளாம். அக்கா பிறந்தபோது வெள்ளிப் பாலாடை. தீபாவளிக்கு முறுக்குக் குழல். நான் பிறப்பதற்குள் பாதி காலி. இப்போது அரிசி போட்டு வைத்திருக்கிறோம், எலி வராது.

ஜூலையில், கொட்டுகிற மழையில், மறுபடி போனோம். அதே நடை, அதே சுழி, அதே விரல் தட்டல். மகள் ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து சயாமாவிடம் நீட்டினாள். வரிசையாக 20-க்கு மேல் 'தூ'. பிப்ரவரியில் 3 மில்லிமீட்டர், மே மாதத்தில் 4, ஜூலையில் நாலரை. அவர் ரசித்துப் பார்த்தார். தூத்துக்குடி எங்கே இருக்கிறது என்று கேட்டார். தோள் இளகியிருக்கிறது. விரல் தட்டல் பத்துவரை போகிறது. நடுக்கம் முன்னைக்கு எவ்வளவோ குறைவு, ஆனால் 93, 86 என்று எண்ணச் சொன்னதும் கட்டைவிரல் எட்டிப் பார்த்துவிட்டது. நடக்கும்போது வலது கை இன்னும் முழுசாக வீசவில்லை.

"நல்லா இருக்கு," என்றார். "ஆனா முழுசா போகல. சில பேருக்கு இதைவிட நாளாகும். ஜனவரியில பார்க்கலாம்."

நான் சண்டைக்குப் போகவில்லை. எங்கள் ஆபீசில் முடிவாகாத சரக்கைப் பென்சிலால் எழுதுவோம், மைபோட மாட்டோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்: ஜனவரி, மறு சாம்பிள்.

எங்கள் முதலாளியும் பாதி வாழ்க்கையைப் பென்சிலில்தான் ஓட்டியிருக்கிறார். 2017 ஆகஸ்டில் இந்தியா திடீரென்று துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு போட்டபோது எங்கள் கிடங்கில் மூட்டை மலைபோலக் கிடந்தது. 2021-இல் திறந்துவிட்டார்கள், அதன்பிறகும் அனுமதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீட்டித்துக்கொண்டு வருகிறார்கள். அவரிடம் தோள்வலி இல்லை, இதுதான் விஷயம் என்று ஆகஸ்டில் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "டெல்லியில இருந்து வர்ற மாதிரிதான் இதுவும்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் என் மேசைக்குக் கனமான, தடித்த பேனா ஒன்று வந்தது. பேசவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் மகளே சொன்னாள். என்னைக் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபடி, "எங்கம்மாவுக்குக் கை நடுங்குது. என்னன்னு இன்னும் தெரியல. ஜனவரியில திரும்பப் பார்க்கணும்" என்று மூன்று வாக்கியம். நான் ஆறு மாதம் தேடிக் கிடைக்காத பதில் அது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு மாப்பிள்ளையின் அம்மா, "அப்ப வீட்ல யாரு சமைக்கிறா?" என்று கேட்டாராம். அது அக்கறையா விசாரணையா என்று எங்கள் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. மேற்கொண்டு பதில் வரவில்லை. மகனிடம் சொல்வதுதான் பாக்கி. தீபாவளிக்குப் பேசும்போது சொல்லலாம் என்றிருக்கிறேன். போன தடவை பொங்கலுக்கு என்று இருந்தேன்.

நேற்று பயின்னவுங் சந்தையிலிருந்து பையன் சாம்பிள் பொட்டலம் கொண்டுவந்தான். பழைய சரக்கு, கிடங்கில் இருந்தது. தட்டில் கொட்டிப் பரப்பினேன். கரண்ட் இல்லை, ஜன்னல் வெளிச்சம்தான். அமா எதிரிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தமும் கிடையாது.

"இப்ப கையில நிஜமாவே இருக்கா?"

விரலைப் பிரித்துக் காட்டினேன். இருந்தது. வண்டு குத்தியது. ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.